கப்பலில் கட்டுச்சோறு

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலை, கோமாரிக் கடற்கரையில் பழைய நண்பர் ஒருவருடன் உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்ப்ரெஸ்’ என்ற உல்லாசப் பயணிகள் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வரத் தொடங்கியிருந்த மாதம் அது. அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் எந்தக் கப்பலும் எங்கள் கடலைத் தாண்டாமல் போக வழியில்லை. இருட்டிய பிறகு வெகுதொலைவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது அந்தக் கப்பல்தானா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் அதைத்தான் பார்க்கிறோம் என்று இருவருமே எண்ணிக்கொண்டோம்.

நண்பர் என்னிலும் பத்து வயது மூத்தவர். கடற்றொழிலாளி. வாழ்நாள் முழுதும் மீன் பிடித்தவராயினும் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடமாட்டார். அவர் கேட்டார்: “அதுக்குள்ள சோறு கறியெல்லாம் எப்படித் தம்பி? எல்லாருக்கும் ஒரே சட்டியா?”

பத்திரிகையில் வாசித்ததை வைத்துச் சொன்னேன். சைவம் வேறு, அசைவம் வேறு, வெங்காயமும் பூண்டும் கிழங்கும் சேர்க்காத சமண உணவு வேறு. நினைத்த நேரத்தில் எழுந்து போய் எடுத்துச் சாப்பிடும் மண்டபமும் உண்டு. உடை மாற்றிக்கொண்டு போய் மேசையில் அமர்ந்து சாப்பிடும் இடமும் உண்டு. அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப ஒருத்தரும் கட்டுச்சோறு கொண்டு போறதில்லையா?” என்றார்.

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை என் செய்தியாசிரியர் எவரும் என்னிடம் கேட்டதில்லை. கப்பலில் உணவுத் தெரிவு என்பதன் வரலாறு, கட்டுச்சோறு எப்போது கைவிடப்பட்டது, யாரால் கைவிடப்பட்டது, யாருக்கு அது இயலாமற் போயிற்று என்பதன் வரலாறுதான்.

கடலோடிகளின் உணவைப் பற்றி எழுதி வைத்த பழைய பயணிகளுள் நம் தீவுக்கு நெருக்கமானவர் இப்னு பதூதா. மாலைதீவில் காழியாக இருந்துவிட்டு 1344இல் இலங்கைக்கு வந்து, பாவாதமலை ஏறியவர். கள்ளிக்கோட்டையில் தாம் கண்ட சீனக் கப்பல்களில் மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்தார்கள் என்று எழுதுகிறார். மாதக்கணக்கில் உப்பு மீனைத் தின்று நாக்குச் செத்தவனுக்கு ஒரு பிடி கீரையின் அருமை தெரியும். அவரே மாலைதீவின் மீன் பதப்படுத்தும் முறையையும் விவரிக்கிறார். மீனை நான்காக வகிர்ந்து, சிறிது அவித்து, ஓலைக் கூடைகளில் வைத்துப் புகையூட்டி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்பினார்களாம். நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசிதான் அது. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை எந்த அடுப்படியிலும் மாசி இல்லாத நாளில்லை. கடற்பயணத்துக்குத் தோதான பண்டமொன்று கரையேறிக் குடும்ப உணவாகிவிட்டதை நாம் நினைத்துப் பார்ப்பதேயில்லை.

என் மூத்தவாப்பா 1950களின் தொடக்கத்தில் கொழும்பு, பம்பாய், ஜித்தா என்று கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனார். மூத்தம்மா கட்டிக் கொடுத்த சாக்கைப் பற்றி எங்கள் குடும்பத்தில் நெடுங்காலம் பேச்சிருந்தது. வறுத்த அரிசிமா, மாசி, பழப்புளி, கொச்சிக்காய்த்தூள், தேசிக்காய் ஊறுகாய், தொதல் ஒரு தகரப்பெட்டி நிறைய, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செம்புச்சட்டி. அந்தச் சாக்குக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் யாத்திரிகர்கள் தம் உணவைத் தாமே கொண்டு சென்று கப்பல் தளத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். தண்ணீரும் விறகும் கொடுத்துவிட்டால் கப்பற்காரரின் கடமை முடிந்தது. நெருப்பு அபாயம், புகை, நெரிசல், நோய் என்று அதிகாரிகள் இதைப் பற்றி ஓயாமல் முறையிட்டார்கள். 1930களில்தான் பயணக் கட்டணத்தோடு சமைத்த உணவையும் சேர்க்கும் முறை யாத்திரைக் கப்பல்களில் நிலைபெற்றது. மூத்தவாப்பாவுக்கும் கப்பலில் சோறு கிடைத்தது. ஆயினும் சாக்கைத் தூக்கிக்கொண்டுதான் போனார். ஹலால் பற்றிய சந்தேகம் அங்கே எழ நியாயமில்லை, ஏறியவர்கள் எல்லோருமே ஹாஜிகள். அவருக்குச் சந்தேகம் வேறு: அது சோறாக இருக்குமா என்பது.

இதே மனநிலையின் இன்னொரு வடிவத்தை 1888இல் காண்கிறோம். பம்பாயில் ‘கிளைட்’ என்ற கப்பலில் ஏறிய பதினெட்டு வயதுக் காந்தி, புலால் தொடுவதில்லை என்று ஒரு சமணத் துறவியின் முன்னிலையில் தாய்க்கு வாக்களித்திருந்தார். கப்பலின் உணவுப் பட்டியலில் எது மரக்கறி என்று கேட்கக் கூச்சம். முள்ளும் கரண்டியும் பிடிக்கத் தெரியாது. ஆகவே வீட்டிலிருந்து கொண்டு வந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளிருந்தே உண்டார். அன்புள்ள ஓர் ஆங்கிலப் பயணி, பிஸ்கே விரிகுடாவை அடையும்போது உன் தீர்மானத்தை மாற்ற வேண்டிவரும் என்று எச்சரித்தாராம். பயண முடிவில் தாம் புலால் உண்ணவில்லை என்று ஒரு நற்சான்றுப் பத்திரமும் காந்தி வாங்கி வைத்துக்கொண்டார். இறைச்சி உண்டவர்களுக்கும் அப்படியொரு பத்திரம் எளிதாகக் கிடைக்கும் என்று பின்னர் தெரிந்தபோது அதன் மேலிருந்த மோகம் போய்விட்டதாக அவரே எழுதுகிறார். எனக்குப் பிடித்த இடம் இது. தனி ஆளாகப் போகிறவனுக்குக் கப்பலில் சமையலறை இல்லை, சான்றிதழ் மட்டும் உண்டு.

எண்ணிக்கை பெருகும்போது நிலைமை மாறுகிறது. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் யூதப் பயணிகளுக்கென்று ஒரு சமையல்காரர் இருந்தார். அந்தக் கம்பனியின் கப்பல்களில் யூதருக்கான கோப்பைகளில் பாலுக்கு இது, இறைச்சிக்கு இது என்று பொறித்துவைத்தார்கள். இதைப் பரந்த மனப்பான்மை என்று கொண்டாடலாம். ஆனால் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு இலட்சக்கணக்கான யூதர்கள் புலம்பெயர்ந்த காலம் அது. அவர்களின் பயணச்சீட்டுக்காகக் கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. நம் பக்கத்தில் 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’வை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல். தொடக்கத்தில் 5,000க்கும் அதிகமான தளப்பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அத்தனை தமிழரும் முஸ்லிம்களும் ஏறும் கப்பலில் அவரவர் உணவுக்கு இடம் வைக்காமல் தொழில் நடத்த முடியாது.

கப்பலில் வேலை செய்தவனின் கதை வேறு. அவன் கட்டுச்சோறும் கொண்டு போக முடியாது, சான்றிதழும் வாங்க முடியாது. பி அண்ட் ஓ போன்ற பெரிய பிரித்தானியக் கம்பனிகளின் கப்பல்களில் இயந்திர அறையில் பெரும்பாலும் முஸ்லிம்கள். பயணிகளின் சாப்பாட்டு மண்டபத்திலும் அடுக்களையிலும் கோவாக் கத்தோலிக்கர். மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ எதையும் கையால் தொடத் தடையில்லாதவர்கள் என்பது கோவாக்காரரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். சாப்பாட்டு வழக்கமே ஒருவனுக்கு எந்தத் தளத்தில் வேலை என்பதைத் தீர்மானித்தது. தளத்துக்கு ஒரு பண்டாரி, இயந்திர அறைக்கு ஒரு பண்டாரி என்று சமையல்காரரும் தனித்தனி. அவரவர் மதத்தை மதிக்கிறோம் என்று கம்பனிகள் சொல்லிக்கொண்டன. அரிசியும் பருப்பும் நெய்யும் வெள்ளைக்கார மாலுமியின் உணவைவிட மலிவு என்பதும் அதே மதிப்புக்குள் அடங்கியிருந்தது.

அரிசி என்றதும் சொல்லாமல் விடக்கூடாத ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1882 இறுதியில் ஜப்பானியக் கடற்படையின் ‘ரியூஜோ’ என்ற பயிற்சிக் கப்பல் நீண்ட பயணம் புறப்பட்டது. அதிலிருந்த 376 பேரில் 169 பேர் பெரிபெரி நோயில் விழுந்தார்கள், 25 பேர் இறந்தார்கள். மாலுமிகள் விரும்பி உண்டது தீட்டிய வெள்ளையரிசிச் சோறு. ஏழைக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு அது கௌரவத்தின் அடையாளம். கறி வகைக்குக் கொடுத்த பணத்தை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பியவர்களும் உண்டு. கடற்படை மருத்துவர் தக்காகி கனெஹிரோ போராடி, 1884இல் ‘த்சுகுபா’ என்ற இன்னொரு கப்பலை அதே பாதையில், வாற்கோதுமையும் இறைச்சியும் பாலும் சேர்த்த உணவோடு அனுப்ப வைத்தார். ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. நோயுற்ற சிலரும் பெரும்பாலும் புதிய உணவை மறுத்தவர்களே. நோய்க்கு அவர் கற்பித்த காரணம் பிழை. மருந்து சரியாக அமைந்துவிட்டது.

இந்தக் கதைக்கு ஒரு தமிழ்ப் பாதி உண்டு. மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மாண்டபோது, பக்கத்திலேயே உழைத்த தமிழர்களை அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. இதைக் கவனித்து 1907இல் நூலெழுதிய பிராடன் என்ற மருத்துவர், காரணம் அவர்கள் உண்ட அரிசிதான் என்றார். சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி. ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களுக்கு இருவகை அரிசியையும் மாற்றி மாற்றிக் கொடுத்து 1909இல் அதை நிறுவினார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துக்கு அப்போது பெயர்கூட இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கூலித் தமிழன், எங்கே போனாலும் தன் புழுங்கலரிசியையே கேட்டான். வாய்க்குப் பழகியதை விடமாட்டேன் என்ற அந்தப் பிடிவாதம் அவனைக் காப்பாற்றியது. அவனுக்கு அது தெரியாது. தோட்டத்துரைக்கும் தெரியாது. எங்கள் பகுதியில் சிவப்பரிசிச் சோற்றைப் பார்த்து முகம் சுளிக்கும் இளைஞர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பயனில்லை.

அன்றிரவு கடற்கரையில் இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன் என்றால் பொய். ரஜூலாவையும் காந்தியையும் சொன்னேன். அவருக்கு ஜப்பான் கப்பலின் கதைதான் மிகவும் பிடித்தது, இரண்டு முறை கேட்டார். பிறகு ஒலுவில் துறைமுகத்தைப் பற்றிப் பேச்சுத் திரும்பியது. 2013இல் திறந்து, மணல் மூடி, கரையோரத்தைக் கடலுக்குக் கொடுத்த அந்தத் துறைமுகத்தைப் பற்றி எங்கள் பகுதியில் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஆகவே எழுந்தோம். வெளிச்சம் அதற்குள் வடக்கே போய் மறைந்திருந்தது.

மூத்தவாப்பா ஹஜ்ஜிலிருந்து திரும்பியபோது சாக்கில் பாதி அப்படியே இருந்தது. மாசி மட்டும் ஒரு துண்டும் இல்லை. கப்பலில் பக்கத்துப் பாயில் படுத்திருந்த வங்காளிகளுக்கு அதில் ஆசை பிடித்துவிட்டதாம், அவர்கள் பதிலுக்குக் கடுகெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணெயை மூத்தம்மா சமையலுக்கு எடுக்கவில்லை, கால்வலிக்குத் தேய்த்தே தீர்த்தார். செம்புச்சட்டி இன்றும் பொத்துவிலில் என் தங்கை வீட்டில் இருக்கிறது. ஈயம் பூசிப் பூசி அடி கனத்துவிட்டது. கப்பற்சட்டி என்றுதான் பிள்ளைகளும் சொல்வார்கள். நோன்பு காலத்தில் கஞ்சி அதில்தான் காய்ச்சப்படும், கோமாரிக்கு ஒரு வாளி போகும். சென்ற நோன்பில் நான் அங்கே நின்ற நாளில் தங்கை இறைச்சி போடுமுன் ஒரு வாளிக் கஞ்சியை வேறாக எடுத்து மூடி வைத்தாள். ஏன் என்று கேட்டேன். “இண்டைக்கு வெள்ளிக்கிழமை காக்கா” என்றாள்.