கிளாரன்ஸ் டாலியின் கைகள்

தோட்ட மாநிலத்துக் கதைகள் - 14

போன மாதம் ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு மூன்று வாரமாகியும் இருமல் விடவில்லை. இங்கே நியூ ஜெர்சியில் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் எக்ஸ்ரே சென்டருக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் சொல்வதைத் தமிழில் சொல்ல நானும் உள்ளே போக வேண்டியிருந்தது. தாடையைத் தூக்கு, தோளை முன்னால் தள்ளு, மூச்சை இழுத்துப் பிடி என்றெல்லாம் சொல்லி நிறுத்திவிட்டு, டெக்னீஷியன் விடுவிடுவென்று சுவருக்குப் பின்னால் போனார். என்னையும் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டார். ஒரு 'டப்'. அவ்வளவுதான், முடிந்தது.

காரில் ஏறியதும் அம்மா ஆரம்பித்தாள். "என்னை மட்டும் நிக்க வச்சுட்டு அவன் ஓடி ஒளியறான். சரி, அவன் யாரோ. நீயும் கூடவே ஓடறியேடா?"

இந்தக் கேள்விக்கான பதில் எங்கள் தெருக்கோடியிலேயே இருக்கிறது. ஓக் ட்ரீ ரோட்டில் சேலைக் கடைகளையும் இட்லிக் கடைகளையும் தாண்டிக் கிழக்கே போனால் ஐஸ்லின் வரும். அது வுட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பைச் சேர்ந்தது. அந்த வுட்பிரிட்ஜில் வளர்ந்தவர்தான் இந்த வாரக் கதாநாயகர். பெயர் கிளாரன்ஸ் டாலி. பிறந்தது 1865-இல். கண்ணாடி ஊதுகிற குடும்பம். பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்து ஆறு வருடம் இருந்துவிட்டு வந்து, அப்பாவும் அண்ணன் தம்பிகளும் வேலை பார்த்த ஹாரிசன் ஊரின் எடிசன் பல்பு தொழிற்சாலையிலேயே தானும் சேர்ந்தார். பிறகு வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த எடிசனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த கதை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது. மோதிரத்தோடு தெரிந்த அவர் மனைவியின் கை எலும்புகளையும் எல்லோரும் பார்த்திருப்போம். செய்தி 1896 ஜனவரியில் அமெரிக்காவுக்கு வந்ததும் எடிசன் சும்மா இருப்பாரா? சில வாரங்களிலேயே வெஸ்ட் ஆரஞ்சில் கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாய்கள் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், உயிரோடிருக்கும் மனிதனின் மூளையைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்க, எடிசன் அதற்கும் முயன்று தோற்றார். மண்டை ஓடுதான் தெரிந்தது.

ஆனால் இன்னொன்றில் ஜெயித்தார். எக்ஸ் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அது பட்டால் ஒளிரும் பொருள் ஒன்று வேண்டும். ராண்ட்கன் பயன்படுத்திய பேரியம் உப்பு மங்கலாகத்தான் மின்னியது. எடிசன் தன் வழக்கப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களை ஒவ்வொன்றாகக் கதிரின் முன்னால் வைத்துப் பார்க்கச் சொன்னார். மார்ச் மாதம் அகப்பட்டது கால்சியம் டங்ஸ்டேட். அதை ஓர் அட்டையில் பூசி, கூம்பு மாதிரி விரியும் ஒரு பெட்டியின் அகன்ற வாயில் பொருத்தினார்கள். குறுகிய வாயை முகத்தோடு ஒட்டிவைத்து இருட்டாக்கிக்கொண்டு, குழாய்க்கும் அட்டைக்கும் நடுவே கையை நீட்டினால் போதும். எலும்புகள் அசைவது அந்தக் கணமே தெரியும். அதுதான் ஃப்ளோரோஸ்கோப். எடிசன் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. காப்புரிமைக்கு அலைந்த மனிதர் மருத்துவத்துக்கு என்று விட்டுக்கொடுத்தது ஆச்சரியம்தான். 1896 மே மாதம் நியூயார்க் மின்விளக்குக் கண்காட்சியில் ஜனங்கள் வரிசையில் நின்று தங்கள் எலும்பைத் தாங்களே பார்த்துவிட்டுப் போனார்கள்.

கண்காட்சிக்கு வந்தவர் ஒரு தடவை கையை நீட்டினார். டாலி தினமும் நீட்டினார். குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அன்றைக்கு வேறு மீட்டர் கிடையாது. கைதான் மீட்டர். பெரும்பாலும் இடது கை. அது சிவந்து எரிய ஆரம்பித்ததும் வலது கையை வைத்தார்.

அந்தக் கைக்குள் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். எக்ஸ் கதிர் உடம்பை ஊடுருவுகிறது என்றுதான் நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். எல்லாமே ஊடுருவிப் போய்விட்டால் படமே வராது. வெறும் வெளிச்சம்தான் வரும். படம் வருவது உள்ளே மாட்டிக்கொள்ளும் கதிரால். ஒரு கதிர்த்துகள் அணுவின் உள்வட்டத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் எலெக்ட்ரானிடம் தன் ஆற்றல் முழுவதையும் கொட்டிவிட்டுத் தான் இல்லாமல் போய்விடும். உண்டியலில் விழுந்த காசு மாதிரி, திரும்ப வராது. எலெக்ட்ரான் அணுவை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடும்.

இப்படி விழுங்குகிற பசி எல்லா அணுவுக்கும் ஒன்றல்ல. அணு எண் ஏறினால் பசி ஏறத்தாழ அதன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். சதையில் அதிகம் இருக்கும் ஆக்சிஜனுக்கு அணு எண் 8, எலும்பின் கால்சியத்துக்கு 20. இரண்டரை மடங்குதான் வித்தியாசம். ஆனால் இரண்டரையை மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள், பதினைந்தைத் தாண்டும். எலும்பு வெள்ளையாகவும் சதை சாம்பலாகவும் தெரிவது இந்தக் கணக்கால்தான். எடிசனின் அட்டை கதிரை நன்றாகப் பிடித்துக்கொண்டதும் இதே கணக்கால்தான்: டங்ஸ்டனுக்கு 74. வயிற்று எக்ஸ்ரேக்கு முன் குடிக்கக் கொடுக்கிறார்களே சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்று, அதில் இருக்கும் பேரியத்துக்கு 56. கவசமாகப் போடும் ஈயத்துக்கு 82.

பிய்த்துக்கொண்டு ஓடும் எலெக்ட்ரான் போகிற வழியில் சும்மா போவதில்லை. பக்கத்து மூலக்கூறுகளை உடைத்துக்கொண்டே போகும். அது டி.என்.ஏ.வாக இருந்தால், உடைந்ததைச் செல் ஒட்டிக்கொள்ளும். சில சமயம் தப்பாக ஒட்டிக்கொள்ளும். ஆக, திரையில் டாலியின் விரல் எலும்பு நிழலாக விழுந்தபோதெல்லாம், அந்த நிழலின் அளவுக்கு அவர் கை கதிரை விழுங்கியிருந்தது. படமும் புண்ணும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். போதாததற்கு ஆற்றல் குறைந்த கதிர்தான் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். அது திரையை எட்டாமல் தோலிலேயே முடிந்துவிடும். இன்றைய இயந்திரத்தில் அந்த வீண் கதிரை வடிகட்ட இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்கு அலுமினியம் இருக்கிறது. டாலியின் குழாய்க்கு முன்னால் அப்படி எதுவுமில்லை.

1900-இல் முகத்திலும் கையிலும் புண், முடி கொட்டியது. இரவில் எரிச்சல் தாங்காமல் கைகளைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு தூங்கினாராம். 1901 செப்டம்பரில் ஜனாதிபதி மெக்கின்லி பஃபலோவில் சுடப்பட்டு, குண்டு எங்கே என்று தெரியாமல் டாக்டர்கள் தவித்தபோது எடிசன் எக்ஸ்ரே கருவியை அனுப்பிவைத்தார். கூடப் போனவர் டாலி. கருவியை யாரும் பயன்படுத்தவில்லை. ஜனாதிபதி எட்டாவது நாள் இறந்தார். அடுத்த வருடம் டாலியின் இடது மணிக்கட்டில் புற்றுநோய். வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள், பிடிக்கவில்லை. இடது கையை எடுத்தார்கள். பிறகு வலது கையில் நான்கு விரல்கள். பிறகு கைகள் இரண்டுமே. 1904 அக்டோபர் 2 அன்று டாலி இறந்தார். வயது 39.

வேலை செய்ய முடியாத காலத்திலும் எடிசன் அவருக்குச் சம்பளம் கொடுத்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எடிசனுக்கே ஒரு கண்ணில் பார்வை குழம்பியிருந்தது. எக்ஸ்ரேயை அடியோடு கைவிட்ட அவர், அதைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள், எனக்குப் பயம் என்று 1903-இல் பத்திரிகைக்காரரிடம் வெளிப்படையாகவே சொன்னார். என்னைக் கேட்டால், அந்த மனிதர் சொன்னவற்றில் மிக நேர்மையான வாக்கியம் அதுதான்.

டாலி ஒருவர் மட்டுமல்ல. நாட்டின் மறுகோடியில், சான் பிரான்சிஸ்கோவில், எலிசபெத் ஃப்ளைஷ்மன் என்ற பெண் கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டு எக்ஸ்ரே கூடம் நடத்தினார். பிலிப்பைன்ஸ் போரிலிருந்து கப்பலில் வந்த சிப்பாய்களின் உடம்பில் குண்டு இருக்கும் இடத்தை அவர் எடுத்த படங்கள் காட்டிக்கொடுத்தன. அவருக்கும் கை போயிற்று. 1905 ஆகஸ்டில் உயிரும். பாஸ்டனில் ரோலின்ஸ் என்ற பல் டாக்டர் 1901-லேயே கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்து, இந்தக் கதிர் கொல்லும், குழாயை ஈயத்தால் மூடுங்கள் என்று எழுதியிருந்தார். பல் டாக்டர் சொல்லி யார் கேட்டார்கள்!

விழுங்கப்படாத கதிருக்கு இன்னொரு வழி இருப்பது பின்னால்தான் புரிந்தது. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயின் மேல் ஓரமாகப் பட்டால் காய் ஒரு பக்கம் போகும், ஸ்ட்ரைக்கர் வேகம் குறைந்து வேறு பக்கம் திரும்பும் அல்லவா? கதிரும் எலெக்ட்ரானில் பட்டு அப்படித்தான் தெறிக்கிறது என்று 1923-இல் செயின்ட் லூயிஸில் ஆர்தர் காம்ப்டன் காட்டினார். மறு வருடம் டொராண்டோ மாநாட்டில் அது பெரிய சண்டையானது. விவாதத்தில் கெட்டிக்காரர்தான், ஆனால் உண்மை உங்கள் பக்கம் இல்லை என்று அன்று ஒருவர் தன்னிடம் சொன்னதைக் காம்ப்டன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சொன்னவர் நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன்! காம்ப்டனுக்கு 1927-இல் நோபல் கிடைத்தது. அடுத்த பிப்ரவரியில் ராமன் கல்கத்தாவில் ஒளிக்கும் அதுபோல் ஒரு சிதறல் உண்டு என்று கண்டுபிடித்ததும் நமக்குத் தெரிந்ததே.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இந்தச் சிதறலில் இருக்கிறது. இயந்திரத்தின் கதிர் ஈயக் கூண்டுக்குள்ளிருந்து ஒரே திசையில், அம்மாவைப் பார்த்து மட்டும் வருகிறது. அந்த அறையில் நாலா பக்கமும் கதிரைத் தெறிக்கவிடுவது அவளுடைய உடம்பு. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் அவளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இங்கே ஒரு வருடத்தில் சும்மாவே வந்து சேர்வது சுமார் 3. அவளுக்கு இது ஒரு தடவை. அந்த டெக்னீஷியன் பையனுக்கு நாள் முழுக்க, வருடம் முழுக்க, வருகிற ஒவ்வொருவரும் தெறிக்கவிடுகிறார்கள். டாலிக்கு இல்லாத சுவர் அவனுக்கு இருக்கிறது.

"அப்ப அவன் மிஷினுக்குப் பயந்து ஓடலை, என்னைப் பாத்துத்தான் ஓடினான்கறே" என்றாள் அம்மா. பரம திருப்தி. நுரையீரலும் சுத்தம்.

ஊரில் எங்கள் பீரோ மேல் பழுப்பு உறையில் அவளுடைய பழைய எக்ஸ்ரே படங்கள் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும். 1970-களில் புதுவகைத் திரைகள் வரத் தொடங்கும்வரை, உலகெங்கும் அப்படிப்பட்ட படங்களைப் பதித்த கேசட்டுகளுக்குள் ஃபிலிமை அணைத்தபடி இருந்த பெரும்பாலான திரைகளில் பூசியிருந்தது, 1896 மார்ச்சில் வெஸ்ட் ஆரஞ்சில் தேடிப்பிடித்த அதே கால்சியம் டங்ஸ்டேட்தான்.

அடுத்த வாரம் வெஸ்ட் ஆரஞ்சுக்குப் பக்கத்து ஊரான ஆரஞ்சுக்குப் போவோம். கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய பெண்கள் அங்கே காத்திருக்கிறார்கள்.

(தொடரும்)