கையகலத் திருமுகம்

ஸ்ரீபெரும்புதூரில், உடையவர் என்று வழங்கும் ராமாநுஜரின் உற்சவ மூர்த்தியைத் ‘தானுகந்த திருமேனி’ என்று வைஷ்ணவர்கள் போற்றுவதற்குக் காரணம், அவர் எழுந்தருளியிருந்த காலத்திலேயே சீடர்கள் அதை வடிப்பித்தார்கள் என்றும், அவரே அதைக் கண்டு உவந்து தழுவினார் என்றும் வழங்கிவரும் சம்பிரதாய வரலாறு. விக்கிரகத்தின் அழகைவிட, அது ஆசாரியருடைய மெய்ச்சாயல் என்ற நிச்சயமே அடியார்களுக்குப் பெரிது.

15-ஆம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் தேசத்து ப்ரூஜ் நகரத்தாருக்கும் மெய்ச்சாயலைக் காணும் இதே தாகம் இருந்தது. கிறிஸ்துவை நேரில் கண்டதாகச் சொல்லிக்கொள்ளும் லெண்டுலுஸ் என்ற ரோமானிய அதிகாரியின் பெயரால் அக்காலத்து ஐரோப்பாவில் உலவிய கடிதமொன்று, நடுவகிடு, தோளில் புரளும் கேசம், நுனியில் இரண்டாகப் பிரிந்த தாடி என்று கிறிஸ்துவை வர்ணித்தது. கடிதம் போலிதான், ஆனால் தூரிகை பிடித்தவர்களுக்கு அது பிரமாணமாயிற்று. ப்ரூஜ் நகரத்து ஓவியர் யான் வான் ஐக் எழுதிய கிறிஸ்துவின் திருமுகத்தின் மூலச்சித்திரம் மறைந்துபோய், 1438 என்று தேதியிட்ட பிரதி பெர்லினில் இருக்கிறது. அதே நகரத்து ஓவியர் பெத்ருஸ் கிறிஸ்துஸ் 1445 வாக்கில் தோல்தாளில் தைலவர்ணத்தால் தீட்டிய முகமோ, நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது: உயரம் 15 சென்டிமீட்டர், அகலம் 11 கூட இல்லை. முள்முடியின் கீழ் கசியும் உதிரத்துளிகளைப் பார்க்கப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டும். கோயில் பலிபீடத்துக்காக அல்லாமல், தனியறையில் ஒருவர் கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிப்பதற்காக எழுதப்பட்டது என்பதற்கு அந்தச் சிறுமையே சாட்சி.

1460-இல் ஆண்ட்வெர்ப் நகரத்து மாதா தேவாலயத்தை ஒட்டிச் கலைப்பொருள் வியாபாரத்துக்கென்றே ஒரு சந்தை ஏற்பட்ட பிறகு, முன்கூட்டி யாரும் கேளாமலே எழுதிவைத்த இத்தகைய பக்திப் படங்களும் விற்பனைக்கு வந்தன. பக்தி கடைக்கு வந்துவிட்டதே என்று நாம் முகம் சுளிப்பதற்கில்லை. ஸ்வாமி படம் விற்காத சந்நிதித் தெரு நம் ஊரில் எது?

பின்னர் அதே ஆண்ட்வெர்ப் செப்புத்தகட்டு அச்சுச் சித்திரங்களுக்குப் பேர்பெற்றது. அங்கே பிளாண்டின் என்ற அச்சகத்தார் அச்சிட்ட பன்மொழி வேதாகமத்தை 1580-இல் ஏசுசபைப் பாதிரிமார் பதேபூர் சிக்ரியில் சமர்ப்பித்தபோது, அக்பர் ஒவ்வொரு பாகத்தையும் முத்தமிட்டுச் சிரசின்மேல் வைத்துக்கொண்டதாக அவர்கள் எழுதிவைத்தார்கள். அக்பரின் அரண்மனைச் சித்திரசாலையில் ஐரோப்பிய அச்சுப்படங்களைப் பின்பற்றிக் கிறிஸ்தவக் காட்சிகளைத் தீட்டியவர்களில் முக்கியமானவர் கேசுதாஸ் என்ற ஹிந்து. அச்சுத்தாளில் இருந்ததெல்லாம் கறுப்புக் கோடுகளே ஆதலால், வர்ணங்களை அவர் தம் கைப்பழக்கப்படியே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருந்தது.