காம்பராவுக்குள் ஒரு களஞ்சியம்

அரிய பொருள்களைத் தேடித் திரட்டி, வரிசைப்படுத்தி வைத்து மகிழ்வது பலருக்கும் உவப்பான பொழுதுபோக்கு. அதற்கு எவ்வளவு பணம் வேண்டும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்றெல்லாம் அறிந்தோர் எடுத்துரைப்பர். எவ்வளவு இடம் வேண்டும் என்பதைச் சொல்வார் அரியர். விசாலமான வீட்டில் வாழ்வோருக்கு அக்கேள்வி எழுவதில்லை. மஸ்கெலியாவின் தேயிலைத் தோட்டங்களிலோ முதன்முதல் எழுவது அக்கேள்வியே.

மலைநாட்டில் முதலிற் செழித்தது கோப்பி. 1869ஆம் ஆண்டிற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, அந்நிலங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கென நீண்ட லயங்கள் எழுந்தன. லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு காம்பரா. அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. காம்பராவின் வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. அந்த 120 சதுர அடிக்குள் அடுப்பும் விறகும், அரிசி மூட்டையும் கம்பளியும், கொழுந்துக் கூடையும் சாமி படமும், பெற்றோரும் பிள்ளைகளும் அடங்கவேண்டும். போதாக்குறைக்கு அடுப்புப் புகையும் மலைநாட்டு ஈரமும் வேறு. இன்று தனி வீடுகள் பல எழுந்துள்ளன எனினும், லயங்கள் இன்னும் மறையவில்லை.

இந்தக் காம்பராவையே அளவுகோலாகக் கொண்டு, சேகரிப்புக் கலைகளைச் சற்று அளந்து பார்ப்போம்.

மிகக் குறைந்த இடம் கேட்பது தபால் முத்திரை. உலகின் முதல் ஒட்டு முத்திரை 1840ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்தது. இலங்கையின் முதல் முத்திரை 1857இல் வெளிவந்தது. ஆயிரம் முத்திரைகளை ஒட்டிய ஏடு தலையணைக்கடியில் அடங்கும். தீப்பெட்டிப் படங்களும் அவ்வாறே. நாணயங்களுக்கு இடம் சிறிது, பாரந்தான் பெரிது. பழைய இசைத்தட்டுகள் நூற்றை நிறுத்தி வைத்தால் ஓர் அடி அகலமே பிடிக்கும். ஆனால் அவற்றை ஒலிக்கச் செய்யும் பெட்டிக்கு ஒரு மேசை வேண்டுமே! பத்திரிகைகளைச் சேர்ப்பவர் நிலை இன்னும் கடினம். ஓராண்டில் அவை குவியலாகும். மறு ஆண்டில் சுவராகும். மழைக்காலத்தில் கறையானுக்கு விருந்தாகும்.

நூல்களே இடத்துக்குப் பெரும் பசி கொண்டவை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தமிழ் நூல்கள், இதழ்கள், நாடக விளம்பரங்கள், அழைப்பிதழ்கள் என அச்சேறிய யாவற்றையும் அவர் வாழ்நாளெல்லாம் திரட்டினார். நூல்கள் மட்டும் ஏறத்தாழ 50,000. ஓர் அடித் தட்டில் 12 நூல்கள் என்று கணக்கிட்டால், அவற்றுக்கு நான்காயிரம் அடிக்கு மேற்பட்ட தட்டுகள் வேண்டும். ஒரு காம்பராவில் கதவையும் அடுப்பையும் பொருட்படுத்தாமல், நான்கு சுவர்களிலும் ஏழு தட்டுகள் அடித்தாலும் 3,700 நூல்களுக்குமேல் அடங்கா. ஆக, அவருடைய நூல்களுக்குப் பதின்மூன்று காம்பராக்களும் போதா. ஆள் குடியிருக்க இடமில்லாத ஒரு முழு லயமே வேண்டும்! 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. ஒரு வீட்டில் வளர்ந்த சேகரிப்பு, பொதுமனையில் ஏறியதால் நிலைத்தது.

அங்ஙனமாயின், காம்பராவில் வாழ்ந்தோர் எதனையும் சேகரிக்கவில்லையா? சேகரித்தனர். பொழுதுபோக்குக்காக அன்று, பிழைப்புக்காக.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க வழி வைத்தது. ஆனால் சான்று கேட்டது. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததைக் காட்டவேண்டும். ஆதலால் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்று, தோட்டத்துக் கடிதம் முதலியவை பொன்னினும் அரியவாயின. துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்த அந்தக் கட்டு ஒரு சாண் இடத்தையே பிடித்தது. ஒரு முத்திரை தொலைந்தால் ஏட்டில் ஒரு கட்டம் வெறுமையாகும். இங்கே ஒரு காகிதம் தொலைந்தால் ஒரு குடும்பத்தின் உரிமையே ஐயத்துக்கு உள்ளாகும்.

அதற்கு முந்திய தலைமுறையிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, தோட்டத்தையும் எண்ணையும் பொறித்து, பிரயாணத்தின்போது தொழிலாளர் கொண்டுவந்த சிறு தகரத் துண்டு. மற்றது, கடனைக் குறித்து ஆளைக் கட்டிவைத்த துண்டுச் சீட்டு. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் இத்தகரத் துண்டுகளை இன்று நாணயம் சேர்ப்போர் தேடுகின்றனர். ஒருவருக்குச் சுமையாயிருந்தது மற்றொருவருக்கு அரும்பொருளாகிறது.

இடமே கேளாத சேகரிப்பும் ஒன்றுண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் மலைப் பாட்டும் நெஞ்சிலேயே தங்கின. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் திரட்டி எழுத்தில் ஏற்றினார். காம்பராவில் இடம் கிடையாத களஞ்சியம் நாவில் இடம் பெற்றிருந்ததை உலகம் அறிந்தது.

பெட்டியின் அளவே சேகரிப்பின் எல்லை என்பதை இருமுறை மலைநாடு கண்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கிற்று. சென்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறியபோது பெட்டிக்கு அடங்கியதே உடன் சென்றது. மஸ்கெலியாவுக்கோ வேறொரு சோதனையும் வந்தது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் எழ, பழைய நகரம் நீரில் மூழ்கிற்று. கோயிலைப் பெட்டியில் வைக்க இயலுமா? நீர் வற்றும் காலங்களில் பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் தலைகாட்டி நிற்கின்றன.

இன்று நினைவுப் பொருள்களுக்கு எவ்வளவு இடம் தந்திருக்கிறோம்? கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் கட்டிய நான்கு மாடித் தொழிற்சாலை 2001ஆம் ஆண்டில் தேயிலை அரும்பொருளகமாயிற்று. இயந்திரங்களுக்கு அங்கே இடம் தாராளம். கம்பளைப் பக்கத்து ஓல்ட் பீக்கொக் தோட்டத்திலோ, 2007இல் தொழிலாளர் அரும்பொருளகம் பழைய லயத்திலேயே திறக்கப்பட்டது. இயந்திரத்துக்கு நான்கு மாடி, அதனை இயக்கிய மனிதருக்கு லயம் என்ற பழைய கணக்கு அரும்பொருளகத்திலும் தொடர்கின்றது போலும்! ஆயினும் அந்த லயமே ஒரு சான்றன்றோ? உள்ளே நுழைபவர் காம்பராவின் அளவைக் கண்ணால் அளந்தறிகிறார்.

நேயர்களே, 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியபின், பெட்டியடிக் காகிதங்களுக்கு அவசரத் தேவை நீங்கிற்று. அவற்றுக்கு வந்திருக்கும் ஆபத்தும் அதுவே. புது வீட்டுக்குக் குடிபோகும்போது பழைய பெட்டி அடுப்படிக்குப் போய்விடலாம். எரிப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பாட்டன் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றை வேறொரு தாளில் எழுதி உடன் வையுங்கள். வீட்டில் இடமில்லையேல், நூலகத்துக்கோ அரும்பொருளகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். ஒரு சாண் இடம் கேட்கும் இச்சேகரிப்பு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு சமுதாயத்தின் வரலாற்றைத் தாங்கி நிற்பது.