கல்லில் எழுதிய பாட்டும் அரக்கில் எழுதிய பாட்டும்

கொடும்பாளூர் என்ற பெயரைக் கேட்டதும், நாவல் படிக்கும் நம்மவர்களுக்கு வானதியின் நினைவுதான் முதலில் வரும். கல்கி அவர்கள் 'பொன்னியின் செல்வ'னில் அந்த இளவரசியை நம் வீட்டுப் பெண்ணாகவே ஆக்கி வைத்துவிட்டுப் போனார். சிலப்பதிகாரம் கற்றவர்களுக்கு வேறொரு நினைவு வரும். கோவலனுக்கு மதுரைக்கு வழி சொன்ன மறையவன், பாதை மூன்றாகப் பிரியும் இடம் என்று குறித்தது இந்த ஊரைத்தான். பெரிய புராணம் படிப்பவர்களுக்கு இது இடங்கழி நாயனாரின் ஊர். நான் இன்று சொல்லப் போவது இந்த மூன்றும் அல்ல. ஆனால் நாயனார் மட்டும் கடைசியில் ஒரு தடவை வருவார்.

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், விராலிமலையைத் தாண்டியதும் கொடும்பாளூர். இருக்குவேளிர் குலத்தின் தலைநகரம் இன்று ஒரு சிறு கிராமம். அங்கே மூவர் கோயில் இருக்கிறது. பெயர்தான் மூவர், நிற்பவை இரண்டே. நடுவிலும் தெற்கிலும் உள்ள விமானங்கள் முழுமையாக நிற்கின்றன. வடக்கே இருந்ததற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். பூதி விக்கிரமகேசரி என்ற வேளிர் தலைவன், தன் பெயரில் ஒன்றும், தன் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் இரண்டுமாக எடுப்பித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடம் அமைத்து, 50 துறவிகளுக்கு அன்னமிட 11 ஊர்களைக் கொடுத்ததையும் அதுவே சொல்லுகிறது.

அந்தக் கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துவிட்டது. முன்னோர் வரிசை நடுவிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. விக்கிரமகேசரி வீரபாண்டியனை வென்றான், வஞ்சி வேளைக் கொன்றான் என்றெல்லாம் படிக்கிறோம். ஆனால் எந்த வீரபாண்டியன்? ஒரு சாரார் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி என்கிறார்கள். மற்றொரு சாரார் பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதி என்கிறார்கள். ஒரே எழுத்து, இரண்டு வாசிப்பு. முதல் சில சுற்றுகள் தேய்ந்துபோன இசைத்தட்டைக் கேட்பது போலத்தான். பாட்டு இன்னதென்று தெரிகிறது. பாடியவர் எங்கே தொடங்கினார் என்று தெரியவில்லை.

இந்த உவமை எனக்குத் தற்செயலாக வந்ததல்ல. அந்தக் கோயிலைப் பார்த்து வந்த நாட்களில் நான் ஒரு ஹங்கேரிக்காரரின் கித்தார் இசையைக் கேட்டுக் கொண்டிருந்தேன். காபோர் ஸாபோ என்பது அவர் பெயர். 1936-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1956-இல் ஹங்கேரியில் மக்கள் கிளர்ந்தெழுந்து, சோவியத் டாங்கிகள் அந்தக் கிளர்ச்சியை நசுக்கிய காலத்தில் நாட்டை விட்டு வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்கா சென்று, பாஸ்டனில் இசைக் கல்லூரியில் படித்து, ஜாஸ் உலகில் பெயர் பெற்றார். 1966-இல் 'ஜாஸ் ராகா' என்று ஓர் ஆல்பம் பதிவு செய்தார். அதில் கித்தாரையும் சித்தாரையும் தாமே வாசித்தார். நம் செவிக்கு அது ராகமாகப் படாது. ஆலாபனையும் இல்லை, அடக்கமும் இல்லை. ஆனால் நாடிழந்த ஒரு மனிதன் இன்னொரு நாட்டின் நரம்பைத் தொட்டுப் பார்க்கும் ஆவல் அதில் இருக்கிறது. 1982-இல், பிறந்த ஊரான புடாபெஸ்டிலேயே, 46 வயது நிரம்பும் முன் அவர் காலமானார். இசைத்தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன. 2010-இல் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனம் 'ஜாஸ் ராகா'வை மறுபடி வெளியிட்டது. அதனால்தான் தமிழ்நாட்டில் உட்கார்ந்து நானும் அதைக் கேட்க முடிந்தது.

ஹங்கேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பரம்பரை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்டோக், கோடாய் என்ற இரண்டு இசை மேதைகள், எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக் கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார்கள். குடியானவப் பெண்கள் பாடியதை மெழுகு உருளைகளில் பிடித்தார்கள். ஓர் உருளையில் சில நிமிஷப் பாட்டுத்தான் அடங்கும். அந்த மெழுகில்தான் ஒரு தேசத்தின் குரல் தங்கியது.

பழைய இசைத்தட்டை மறுபடி வெளியிடுவது புதிய உறை போட்டு விற்கும் வேலை அல்ல. முதலில் மூலப் பதிவைத் தேட வேண்டும். நாடாவில் இருந்தால், நாள்பட்டு அதன் பூச்சு பிசுபிசுத்துப் போயிருக்கும். மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்திய பிறகே ஓட்ட முடியும். மூலம் இல்லையென்றால், எந்த வீட்டிலாவது கீறல் குறைந்த தட்டு இருக்கிறதா என்று தேட வேண்டும். பழைய அரக்குத் தட்டுகளில் இன்னொரு சிக்கல். நிமிஷத்துக்கு 78 சுற்று என்று நாம் சொல்கிறோமே தவிர, ஆரம்ப காலத்தில் எல்லாரும் அந்தக் கணக்கைப் பின்பற்றவில்லை. நாலரைச் சுற்று குறைந்தால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கிவிடும். வேகம் கூடினால், கனத்த குரல் கீச்சுக் குரலாகிவிடும். சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்க, அந்தப் பாடகர் எந்தச் சுருதியில் பாடுவார் என்று அறிந்தவர் வேண்டும். இயந்திரம் மட்டும் போதாது. கேட்ட காது வேண்டும்.

நம் நாட்டில் 1902-இல் கல்கத்தாவில் கெய்ஸ்பெர்க் என்ற வெள்ளைக்காரர் வந்து பதிவு செய்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். இரவெல்லாம் ஒரு ராகத்தை விரித்துக் கொண்டிருந்தவர்கள் அதை மூன்று நிமிஷத்தில் மடித்து வைக்க வேண்டியிருந்தது. 1925-ஐ ஒட்டி மைக் கொண்டு மின்சாரத்தால் பதிவு செய்யும் முறை வந்த பிறகுதான் மெல்லிய ஒலிகளும் தட்டில் ஏறின. வீணை தனம்மாளுக்கு 1932-இல்தான் அந்த வேளை வந்தது. அவருக்கு அப்போது 65 வயது. மெல்லென ஒலிக்கும் அந்த வீணையைக் கேட்க, தெருச் சத்தம் அடங்க வேண்டும் என்பார்கள். சில தட்டுகளே பதிவாயின. ஆறு வருஷத்தில் அவர் மறைந்தார். அந்தச் சில தட்டுகளும் உடைந்து போயிருந்தால், அந்த மேதை நமக்கு இன்று வெறும் பெயர்தான்.

இப்போது கொடும்பாளூர்ப் பக்கமே திரும்புவோம். அங்கிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது குடுமியான்மலை. மலையடியில் குடைவரைக் கோயில்; அதன் பக்கத்துப் பாறையில் ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பில் ஓர் இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்து. ஏழு பண்களுக்கு ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஸ்வரங்கள் நந்நான்காகக் கோவைப்பட்டிருக்கின்றன. 'ர' ஓரிடத்தில் 'ரி' ஆகிறது, ஓரிடத்தில் 'ரு' ஆகிறது, ஓரிடத்தில் 'ரெ' ஆகிறது. ருத்திராசாரியரின் மாணாக்கனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று முடிவில் வருகிறது. மகேந்திர பல்லவனே அந்த அரசன் என்று சிலர் சொன்னார்கள், எல்லாரும் ஒப்பவில்லை. கடைசியில் தமிழில் ஒரு சிறு வரி, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்ற பொருளில்.

ஆயிரத்து முந்நூறு வருஷம் அந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்திருப்பார்கள், படித்தவர் இல்லை. பிறகு ஒருநாள், ஈரக் காகிதத்தைப் பாறையில் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை தடவி மைப்படி எடுத்தார்கள். பி. ஆர். பண்டார்க்கர் அதைப் படித்து 'எபிகிராபியா இண்டிகா'வின் 12-ஆம் தொகுதியில் வெளியிட்டார். இதுவும் ஒரு மறுவெளியீடுதான். ஏழாம் நூற்றாண்டில் வெளியான தட்டு, இருபதாம் நூற்றாண்டில் மறுபதிப்பாயிற்று!

ஆனால் எல்லாத் தட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. அதே புதுக்கோட்டைச் சீமையில், திருமெய்யம் சிவன் குடைவரையிலும் இதைப் போல ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் யாரோ அதைச் செதுக்கித் தேய்த்துவிட்டு, மேலே வேறு சாசனத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டியவர்களைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு அன்று ஒரு சாசனம் அவசரமாகத் தேவைப்பட்டது. பாட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. உலகத்தில் பாட்டுகள் அழிவது பெரும்பாலும் பகையால் அல்ல; இப்படி ஓர் அவசரத்தால்தான்.

ஒரு பழைய சாமான் கடையில் நான் கண்ட காட்சி இதையே சொல்லியது. ஓர் ஓரமாக அரக்குத் தட்டுகள் அடுக்கியிருந்தன. "என்ன விலை?" என்றேன்.

"தட்டுக்கா, கட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.

"யார் பாடியது என்று பார்த்து விலை சொல்ல மாட்டீர்களா?"

"பாடுகிற மெஷினே யாரிடமும் இல்லை ஐயா. சுவரிலே மாட்ட வாங்கிப் போகிறார்கள். சூடு காட்டி வளைத்துப் பூச்சட்டி செய்கிறவர்களும் உண்டு."

அவர் மேல் குற்றமில்லை. அந்தத் தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிக் கடைக்கு அனுப்பியது நம்மைப் போன்ற குடும்பங்கள்தாம்.

கல்லில் ஸ்வரம் இருக்கிறது, ஓசை இல்லை. அதில் எந்தக் காலப் பிரமாணம், எந்தக் கமகம் என்று எழுதவில்லை. அதைப் பாடிக் காட்டுகிறேன் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. தட்டில் ஓசை இருக்கிறது, ஆனால் கை நழுவினால் நூறு துண்டு. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதையும் புதுக்கோட்டையே காட்டுகிறது. கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக்கிய மாமுண்டியா பிள்ளை 1922-இல் மறைந்தார். அவருடைய லயம் அவருடைய மாணவர்களான தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கையிலும், பழனி முத்தையா பிள்ளையின் கையிலும் இறங்கியது. முத்தையா பிள்ளையின் மகன் சுப்பிரமணிய பிள்ளை அதை 1962 வரை நம் மேடைகளில் ஒலிக்கச் செய்தார். சிஷ்யன் என்பவன் குருவின் மறுபதிப்பு. ஆனால் சிஷ்யன் இல்லாமல் போன கலைஞருக்குக் கல்லோ தட்டோதான் கதி.

இங்கேதான் இடங்கழியார் வருகிறார். அடியார்களுக்கு அமுது படைக்க வழியில்லாத ஒருவர், இரவில் அரண்மனைப் பண்டாரத்தில் புகுந்து நெல் எடுத்தார். காவலர் பிடித்துக் கொண்டு வந்து நிறுத்தினர். கொடும்பாளூர் வேந்தர் காரணத்தைக் கேட்டார். தண்டிக்கவில்லை. பண்டாரத்தையே அடியார்களுக்குத் திறந்துவிடும்படி பறையறையச் சொன்னார். கொடுத்தார் என்பதைவிட, பூட்டியிருந்ததைத் திறந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் சட்டமும் ஓரளவு இடங்கழியாராகத்தான் இருக்கிறது. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு உள்ள உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடல் எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை வேறு கணக்கு. ஆனாலும் 1932-இன் பதிவுகளுக்கு என்றைக்கோ பூட்டுத் திறந்தாகிவிட்டது. சட்டம் கதவைத் திறந்தாலும், உள்ளே நெல் இருக்க வேண்டுமே! அது கம்பெனியின் கிடங்கில் மட்டும் இல்லை. உங்கள் பரணிலும் இருக்கலாம். தாத்தா வாங்கிய தட்டுப் பெட்டி, அத்தை கல்யாணக் கச்சேரியின் நாடா, அப்பா வானொலியிலிருந்து பிடித்த கேசட் ஏதேனும் இருந்தால், கடைக்கு அனுப்புமுன் பாடியவர் பெயரையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். தெரிந்தவரிடம் கொடுத்துப் படியெடுத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். மூவர் கோயிலின் வடக்கு விமானம் எப்படி இருந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியவில்லை. பரணில் இருக்கும் பாட்டு எப்படி இருந்தது என்று சொல்ல, இன்னும் ஆள் இருக்கிறது. நாளும் கொஞ்சம் இருக்கிறது.