‘டூ’வா, ‘ஃபார்’ஆ?

‘ஆப்ஸ்டகிள்’ என்ற சொல்லைச் சொந்த வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால், பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் ‘பாவர்ட்டி இஸ் ஆன் ஆப்ஸ்டகிள் ஃபார் எஜுகேஷன்’ என்றுதான் எழுதுவார்கள். படிப்புக்குத் தடை, அந்தக் ‘கு’ அப்படியே ‘ஃபார்’ ஆகிவிடும். வரவேண்டியது ‘டூ’. ‘ஹிண்ட்ரன்ஸ்’, ‘பேரியர்’, ‘இம்பெடிமெண்ட்’ எதுவானாலும் அதே ‘டூ’தான். ஆசிரியராக இருந்த காலமெல்லாம் சிவப்பு மையில் இதைத் திருத்தியவன் நான்.

பிள்ளைகளுக்குப் பொருள் தெரியும். ஆங்கில–தமிழ் அகராதியில் தடை, இடையூறு என்று இருக்கிறதே! பெரிய ஆங்கில அகராதிகளோ சொல்லின் பூர்வீகத்தை லத்தீன் வரை தோண்டும். பின்னால் ‘டூ’ வருமா ‘ஃபார்’ வருமா என்பது, ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவனுக்கு எதற்கு?

நம்மைப் போன்றவர்களுக்கான அகராதி ஜப்பானில் உருவானது. அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் முறையைச் சீர்திருத்த ஆங்கிலேய மொழியறிஞர் ஹெரால்டு பாமர் 1922-ல் போனார். இரண்டு வருஷம் கழித்து ஏ. எஸ். ஹார்ன்பி, கியூஷு தீவின் ஓய்தாவுக்கு ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். ஜப்பானிய மாணவர்களின் பிழைகள் நம் பிழைகளுக்குப் பங்காளிகள். அவர்கள் மொழியிலும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு மூவரும் 1937-ல் அகராதித் தொகுப்பு வேலையைத் தொடங்கினார்கள். எண்ணக்கூடிய பெயருக்கு ‘சி’, எண்ண முடியாததற்கு ‘யூ’ என்று அடையாளம் போட்டார்கள். வினைச்சொற்களை 25 வாக்கிய அமைப்புகளில் அடக்கினார்கள். சொல்லுக்குப் பொருள் சொன்ன கையோடு, அதை வாக்கியத்தில் வைத்தும் காட்டினார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. எதிரி நாடான பிரிட்டனைச் சேர்ந்த ஹார்ன்பியைக் காவலில் வைத்து, மறுவருஷம் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆனால் அதே 1942-ல், டோக்கியோவின் கைதாகுஷா பதிப்பகம் அவருடைய அகராதியை வெளியிட்டது! போர்க்காலத்தில் எந்தப் பதிப்பாளர் இந்தத் துணிச்சலுக்கு முன்வருவார்? 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அந்தப் பக்கங்களையே படமெடுத்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்று இன்று நாம் புரட்டும் புத்தகம் அதன் வாரிசு.

நம்மூரில் மரியாதையெல்லாம் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்துக்குத்தான். என்னைக் கேட்டால் நம் கடன் ஹார்ன்பியிடம்தான் அதிகம். ரென்னுக்காவது ‘போ ஜெஸ்ட்’ நாவலால் வேறு புகழ் இருந்தது. ஹார்ன்பி 1961-ல், அகராதி ஈட்டித் தந்த பணத்தில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பல நாடுகளின் ஆங்கில ஆசிரியர்கள் அந்த உதவியில் பிரிட்டன் போய்ப் படித்தார்கள்.