காப்பீட்டு லாபத்தை அளப்பது எப்படி?

2022 மே மாதம் எல்ஐசி தனது பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டபோது, அதுவரை பங்குச் சந்தையை எட்டிக்கூடப் பார்க்காத பலர் டிமேட் கணக்கு தொடங்கினர். பாலிசிதாரர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு இருந்தது, பங்குக்கு ரூ.60 தள்ளுபடியும் தரப்பட்டது. ரூ.949 என்று விலை நிர்ணயிக்கப்பட்ட அந்தப் பங்கு, மே 17-ஆம் தேதி பட்டியலிடப்பட்ட முதல் நாளில் சுமார் ரூ.875-இல் முடிந்தது. தள்ளுபடி போகப் பாலிசிதாரர்கள் செலுத்திய ரூ.889-ஐவிடவும் அது குறைவு. அவர்கள் அந்த நிறுவனத்தை நன்கு அறிந்திருந்தார்கள். அதன் லாபத்தை அளக்கும் முறையைத்தான் அறிந்திருக்கவில்லை.

மளிகைக் கடைக்காரர் சரக்கின் அடக்கவிலையை அறிந்த பிறகே விற்பனை விலையைச் சொல்கிறார். காப்பீட்டு நிறுவனமோ முதலில் விற்கிறது. அடக்கவிலை பின்னரே தெரியவருகிறது. வாகனக் காப்பீட்டில் அது ஓர் ஆண்டிலும் தெரியலாம். ஆயுள் காப்பீட்டில் முப்பது ஆண்டுகளும் ஆகலாம். எனவே, ஓர் ஆண்டின் நிகர லாபம் மட்டும் இத்தொழிலில் உண்மையைச் சொல்லிவிடாது.

சிதம்பரத்தை அடுத்த கிள்ளையை எண்ணிப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 இறுதியில் பெருவெள்ளம் என்று கடலூர் மாவட்டக் கரையோரம் அடுத்தடுத்து அடிபட்டது. இக்கரையில் வீட்டுக்கும் படகுக்கும் பயிருக்கும் காப்பீடு விற்கும் நிறுவனம் ஒன்றின் கணக்கை, இரு பேரிடர்களுக்கு இடைப்பட்ட அமைதியான ஆண்டில் மட்டும் பார்ப்பவருக்கு அது பொன்முட்டையிடும் வாத்தாகத் தோன்றும். பேரிடர் ஆண்டில் மட்டும் பார்ப்பவர் அதைத் திவாலாகும் நிறுவனம் என்பார். இரண்டுமே பிழை. நல்ல ஆண்டுகளையும் கெட்ட ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான், வசூலித்த பிரீமியம் ஏற்ற அபாயத்துக்குப் போதுமானதா என்பது விளங்கும்.

பொதுக் காப்பீட்டிலும் மருத்துவக் காப்பீட்டிலும் முதல் அளவுகோல் 'ஒருங்கிணைந்த விகிதம்'. ரூ.100 பிரீமியத்தில் ரூ.70 இழப்பீடாகவும், ரூ.35 தரகு, சம்பளம், நிர்வாகம் ஆகியவற்றுக்கும் போனால் இவ்விகிதம் 105 விழுக்காடு. அதாவது, காப்பீட்டுத் தொழிலில் ரூ.5 இழப்பு. எனினும், பிரீமியம் வாங்கிய நாளுக்கும் இழப்பீடு தரும் நாளுக்கும் இடையே அப்பணம் நிறுவனத்திடம் இருக்கிறது. அதை முதலீடு செய்து ரூ.8 ஈட்டினால், முடிவில் ரூ.3 லாபம். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1967-இல் நேஷனல் இன்டெம்னிட்டி நிறுவனத்தை வாங்கியது தொடங்கித் தனது பெருஞ்செல்வத்துக்கு அடித்தளமாக்கியது இந்த இடைக்காலப் பணத்தைத்தான். ஆனால், முதலீட்டு வருவாயை மட்டும் நம்பிப் பிரீமியத்தை அடிமாட்டு விலைக்குக் குறைக்கும் நிறுவனம், சந்தை சரியும் ஆண்டில் இருபுறமும் அடிவாங்கும்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. ஜனவரி முதல் தேதி வாங்கிய ஓராண்டுப் பிரீமியத்தில், மார்ச் 31 அன்று கால்பங்குதான் நிறுவனத்துக்கு உரிய வருவாய். எஞ்சியது வரவிருக்கும் மாதங்களுக்கான பொறுப்பு. அடுத்து, இழப்பு நேர்ந்திருக்கும். கோரிக்கை இன்னும் வந்திருக்காது. அதற்கென ஒதுக்கும் தொகை ஒரு மதிப்பீடுதான். அதைக் குறைத்து மதிப்பிட்டால் இன்றைய லாபம் கூடும். நாளை அது இழப்பாகத் திரும்பி வரும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனம் 2021 டிசம்பரில் பங்குக்கு ரூ.900 என்று விலை வைத்தபோது, விற்பனைக்கு வந்த பங்குகள் முழுமையாக விலைபோகவில்லை. கரோனா கால இழப்பீடுகளால் அதன் ஒருங்கிணைந்த விகிதம் நூறைத் தாண்டியிருந்த நேரம் அது.

ஆயுள் காப்பீட்டில் கணக்கு தலைகீழ். புதிய பாலிசியின் முதல் ஆண்டில் முகவர் தரகும் பிற செலவுகளும் மிகுதி; லாபம் பிந்தைய ஆண்டுகளில் வருகிறது. ஆகவே, வேகமாக வளரும் நிறுவனம் குறைந்த லாபத்தையும், விற்பனையைக் குறைத்துக்கொண்ட நிறுவனம் கூடுதல் லாபத்தையும் காட்டக்கூடும். இந்த முரணைத் தீர்க்கவே 'உள்ளார்ந்த மதிப்பு' என்ற அளவு வந்தது. நிறுவனத்தின் நிகரச் சொத்தோடு, ஏற்கெனவே விற்ற பாலிசிகளிலிருந்து வரவிருக்கும் லாபத்தின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் கிடைப்பது அது. ஓர் ஆண்டில் விற்ற புதிய பாலிசிகள் தரப்போகும் லாபத்தின் மதிப்பு இன்னோர் அளவு. பாலிசிதாரர்களில் எத்தனை பேர் 13-ஆம் மாதத்திலும் 61-ஆம் மாதத்திலும் பிரீமியம் கட்டுகிறார்கள் என்பது இவ்விரண்டையும் சோதிக்கும் உரைகல்.

இந்த மதிப்பும் அனுமானங்களின் மேல் நிற்பதே. 2021 மார்ச் இறுதியில் சுமார் ரூ.95,600 கோடியாக இருந்த எல்ஐசியின் உள்ளார்ந்த மதிப்பு, அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் சுமார் ரூ.5.4 லட்சம் கோடியானது. ஆறு மாதத்தில் வணிகம் ஐந்து மடங்காகிவிடவில்லை. ஒன்றாக இருந்த ஆயுள் நிதி, லாபத்தில் பங்குள்ள பாலிசிகளுக்கும் பங்கில்லாப் பாலிசிகளுக்கும் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. உபரியில் பங்குதாரர்களின் உரிமை கூட்டப்பட்டது. பாலிசிதாரரும் பங்குதாரரும் ஒரே உபரியைப் பகிர்ந்துகொள்பவர்கள் என்பதை இது உணர்த்துகிறது. இரண்டுமாக இருப்பவர், தனது ஒரு பையிலிருந்து மறு பைக்கு எவ்வளவு மாறியது என்றும் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, கடன் தீர்க்கும் திறன். குறைந்தது 1.5 என்ற விகிதத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. இந்த எல்லையைக் காக்க முடியாமல் தவித்த மூன்று பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு, 2019-20 முதல் மூன்று நிதியாண்டுகளில் மத்திய அரசு ரூ.17,000 கோடிக்கும் மேல் மூலதனம் அளிக்க நேர்ந்தது. பிரீமியத்தில் வளர்ச்சி இருந்தும் லாபம் இல்லாவிட்டால் சுமை யார் தலையில் விழும் என்பதற்கு இதுவே சான்று.

இழப்பீட்டு விகிதம் குறைவாக இருப்பதும் எப்போதும் நற்செய்தியன்று. நியாயமான கோரிக்கைகளை மறுத்தும் அந்த எண்ணைக் குறைக்க முடியும். அப்படிக் கிடைத்த லாபம், பாலிசிதாரர் விலகும்போது தானும் கரைந்துபோகும். ஆகவே, முதலீட்டாளர் ஐந்து முதல் பத்து ஆண்டுகளின் கணக்கை வரிசையாக வைத்து, கோரிக்கை தீர்ப்பு விகிதத்தையும் புகார்களின் எண்ணிக்கையையும் லாபத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் பொதுவில் வெளியிடும் இவ்விவரங்களை, எளிய தமிழில் ஒரே பக்கத்தில் தருவதை ஆணையம் கட்டாயமாக்கினால், கிள்ளையில் பாலிசி வைத்திருப்பவரும் பங்கு வாங்கும் முன் தாமே அளந்து பார்க்க முடியும்.

புயல் கடந்த மறுநாள் வாக்குறுதியைக் காக்கும் வலிமை எவ்வளவு, அந்த வலிமைக்கு எவ்வளவு விலை வாங்கப்பட்டது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர விடை சொல்லும் கணக்கே காப்பீட்டு நிறுவனத்தின் மெய்யான லாபக் கணக்கு.