பிலிப்பைன்ஸ் நர்ஸ் சர்டிஃபிகேட் ஒரிஜினலா? வெளிநாடுகள் செக் பண்ணுவது எப்படி?

துபாய், ரியாத், லண்டன், நியூயார்க் என எந்த ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கே ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் இருக்க வாய்ப்பு அதிகம். வெளிநாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் நாடுகள் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது பிலிப்பைன்ஸ்தான்.

ஆனால் மணிலாவில் படித்தவர் லண்டனில் ஊசி போடணும்னா, அவர் நிஜமாகவே படித்தவர்தானா என யாராவது உறுதி செய்ய வேண்டும். அதை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள்?

சுருக்கமான பதில்: நர்ஸ் கையில் இருக்கும் சர்டிஃபிகேட்டை மட்டும் பார்த்து யாரும் நம்புவதில்லை. அதைக் கொடுத்த கல்லூரியிடமே நேரடியாகக் கேட்கிறார்கள். மூல ஆதாரச் சரிபார்ப்பு என்று இதைச் சொல்லலாம்.

அங்கே நர்ஸ் ஆவது எப்படி?

பிலிப்பைன்ஸில் நர்சிங் பட்டப்படிப்பு 4 வருஷம். படித்து முடித்தால் மட்டும் நர்ஸ் ஆகிவிட முடியாது. தொழில் ஒழுங்குமுறை ஆணையமான பி.ஆர்.சி. நடத்தும் உரிமத் தேர்வில் பாஸ் ஆக வேண்டும்.

5 பகுதிகள் கொண்ட தேர்வு இது. சராசரியாக 75 சதவீதம் எடுக்கணும், எந்தப் பகுதியிலும் 60-க்குக் கீழே போகக் கூடாது. 2002-ல் வந்த அந்நாட்டு நர்சிங் சட்டமே இப்படிச் சொல்கிறது.

ஆக, வெளிநாடு செக் பண்ண வேண்டியது குறைந்தது 3 விஷயங்கள். கல்லூரி கொடுத்த பட்டம், பி.ஆர்.சி. கொடுத்த லைசென்ஸ், ஆஸ்பத்திரி கொடுத்த அனுபவச் சான்று. மூன்றும் மூன்று இடத்திலிருந்து வர வேண்டும்.

நீங்களே அனுப்பினால் செல்லாது

அமெரிக்காவுக்குப் போகும் நர்ஸ்களின் ஆவணங்களைப் பல ஆண்டுகளாகச் சரிபார்த்து வருவது சி.ஜி.எஃப்.என்.எஸ். என்ற அமைப்பு. 1977-ல் பிலடெல்ஃபியாவில் தொடங்கியது. இப்போது ட்ரூமெரிட் எனப் பெயர் மாறியிருக்கிறது.

இங்கே மதிப்பெண் பட்டியலை நர்ஸ் தானே அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும். லைசென்ஸ் விவரமும் பி.ஆர்.சி.யிடமிருந்து நேரடியாக வர வேண்டும். நடுவில் ஏஜென்சி, சொந்தக்காரர், நண்பர் என யார் கையும் படக் கூடாது என்பதுதான் கணக்கு.

அதோடு முடியாது. என்க்ளெக்ஸ் என்ற அமெரிக்க உரிமத் தேர்வு எழுத வேண்டும். வேலை விசாவுக்கு 'விசாஸ்கிரீன்' என்ற தனிச் சான்று வேண்டும். படிப்பு, லைசென்ஸ், ஆங்கிலம் மூன்றையும் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள். 1996-ல் நிறைவேறிய அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது.

வளைகுடா நாடுகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் டேட்டாஃப்ளோ என்ற தனியார் நிறுவனம் செய்கிறது. நர்ஸ் ஆவணங்களை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். நிறுவனம் கல்லூரிக்கும் பழைய ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்கும். 'ஆமாம், நாங்கள் கொடுத்ததுதான்' எனப் பதில் வந்தால் பிரச்னை இல்லை. பதிலே வரலைன்னா, 'சரிபார்க்க இயலவில்லை' என்றுதான் அறிக்கை வரும்.

பிரிட்டனில் செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி. ஆவணங்களோடு நிற்பதில்லை. கணினித் தேர்வு ஒன்று, பிரிட்டனுக்குப் போன பிறகு செய்முறைத் தேர்வு ஒன்று. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 எடுக்க வேண்டும்.

ஒழுங்காகப் படித்தவரும் எங்கே மாட்டுகிறார்?

முதல் சிக்கல், பெயர். பிலிப்பைன்ஸ் வழக்கப்படி, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் பிள்ளைக்கு நடுப்பெயராக வரும். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிக் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால், அதுவரை கடைசிப் பெயராக இருந்தது நடுவுக்கு நகரும்.

உதாரணத்துக்கு, கல்லூரியில் 'மரியா சாண்டோஸ் ரெயெஸ்' ஆக இருந்தவர் பாஸ்போர்ட்டில் 'மரியா ரெயெஸ் குரூஸ்' ஆகிவிடுவார். மணிலாவில் இருப்பவருக்கு இது பார்த்ததும் புரியும். வேறு நாட்டில் கோப்பைத் திறப்பவருக்கு இவர் இரண்டு ஆள்! திருமணச் சான்று இணைக்க மறந்தால் ஃபைல் அப்படியே நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வளைகுடா போகும் நர்ஸ்களும் இதே டேட்டாஃப்ளோ வழியாகத்தான் போகிறார்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என இருந்தால் இங்கேயும் அதே தலைவலிதான்.

இரண்டாவது, மூடிய கல்லூரிகள். நர்ஸ்களுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏறிய 2000-களில் பிலிப்பைன்ஸில் நர்சிங் கல்லூரிகள் வேகமாகப் பெருகின. கூட்டம் குறைந்ததும் பல கல்லூரிகள் படிப்பையே நிறுத்தின. கேள்வி கேட்டு எழுதினால் பதில் சொல்ல அங்கே யார் இருப்பார்? பழைய பதிவேடு யாரிடம் போனது என்று நர்ஸ்தான் தேடி அலைய வேண்டும்.

மூன்றாவதுதான் கொஞ்சம் கொடுமையானது. அந்தக் காலகட்டத்தில் படித்தவர்கள் அதிகம், உள்ளூரில் வேலை குறைவு. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளோ அனுபவம் கேட்டன. அதனால் பலர் 'வாலண்டியர் நர்ஸ்' என்ற பெயரில் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார்கள். சில இடங்களில் நர்ஸ்களே ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டினார்கள். பிறகு சரிபார்க்கும்போது, சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத இந்த உழைப்பை அனுபவமாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது.

2006-ல் என்ன நடந்தது?

சரிபார்ப்பு எல்லாம் கல்லூரி, ஆணையம் போன்ற அமைப்புகளை நம்பித்தான் நடக்கிறது. அந்த அமைப்பே சொதப்பினால்?

2006 ஜூனில் நடந்த பிலிப்பைன்ஸ் உரிமத் தேர்வில் வினாத்தாள் கசிந்தது. சுமார் 42 ஆயிரம் பேர் எழுதிய தேர்வு. சுமார் 17 ஆயிரம் பேர் பாஸ். கசிந்தது 3 மற்றும் 5-ம் பகுதி வினாக்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. 1,687 பேர் மட்டும் மறுபடி எழுத வேண்டும், மற்றவர்கள் உறுதிமொழி எடுத்து லைசென்ஸ் வாங்கலாம் என மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அப்பாடா என்று மூச்சு விட்டவர்களுக்கு 2007 பிப்ரவரியில் அடுத்த அடி விழுந்தது. அந்த பேட்சில் பாஸ் ஆனவர்கள் அந்த இரண்டு பகுதிகளையும் திரும்ப எழுதினால்தான் விசாஸ்கிரீன் என்று சி.ஜி.எஃப்.என்.எஸ். அறிவித்தது. லைசென்ஸ் உண்மை, நீதிமன்ற உத்தரவும் உண்மை. ஆனாலும் அமெரிக்கக் கதவு திறக்கவில்லை. கசிந்த தாளைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களும் மறுபடி பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தார்கள்.

கலிஃபோர்னியாவின் தனிக் கணக்கு

பட்டம் உண்மையா என்பது ஒரு கேள்வி. அது எங்கள் பட்டத்துக்குச் சமமா என்பது இன்னொரு கேள்வி.

கலிஃபோர்னியாவில் ஒரு விதி உண்டு. பாடமும் அதற்கான ஆஸ்பத்திரிப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும். பிரசவம் பற்றி இந்த செமஸ்டரில் படித்துவிட்டு, பிரசவ வார்டு பயிற்சியை அடுத்த செமஸ்டரில் செய்திருந்தால் கணக்கில் வராது. 2010-க்குப் பிறகு இந்த விதியைக் காட்டிப் பல பிலிப்பைன்ஸ் நர்ஸ்களின் விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. அட்டவணை போட்டது கல்லூரி, திரும்பப் படிக்கச் சொன்னது நர்ஸை.

ஜப்பான் இன்னும் கறார். இரு நாட்டு ஒப்பந்தப்படி 2009 முதல் போகும் பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள், ஜப்பானிய மொழியில் அந்நாட்டுத் தேசியத் தேர்வை எழுதி பாஸ் ஆகும் வரை அங்கே நர்ஸ் கிடையாது, பயிற்சியாளர்தான். ஜெர்மனியும் மொழித்தேர்வு, தகுதி அங்கீகாரம் இரண்டையும் கேட்கிறது.

போலி எங்கே சிக்கியது?

2023 ஜனவரியில் அமெரிக்காவையே அதிரவைத்த போலி நர்சிங் டிப்ளமோ வழக்கு வெளிநாட்டு நர்ஸ்கள் பற்றியது இல்லை. ஃபுளோரிடாவில் இருந்த 3 நர்சிங் பள்ளிகள் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் என்க்ளெக்ஸ் தேர்விலும் பாஸ் ஆகியிருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். விற்றது பள்ளியே என்றால், பள்ளியிடம் நேரடியாகக் கேட்டாலும் 'ஆமாம், எங்கள் மாணவர்தான்' என்றுதான் பதில் வரும். மணிலாவிலிருந்து வரும் நர்ஸ் தாண்டும் இத்தனை வேலிகளிலும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் கல்லூரியின் கடிதத்தோடு நிற்காமல் லைசென்ஸ், தேர்வு, செய்முறை என அடுக்கடுக்காகக் கேட்கிறார்கள்.

பொதுமக்கள் பார்க்க முடியுமா?

முடியும். பி.ஆர்.சி. இணையதளத்தில் பெயர் அல்லது லைசென்ஸ் எண் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. பிரிட்டனில் என்.எம்.சி. பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் நர்ஸ் பெயரைத் தேடலாம். அமெரிக்காவில் நர்சிஸ் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், லைசென்ஸ் மீது நடவடிக்கை ஏதாவது இருந்தாலும் தெரியும். வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் வைப்பவர்கள், ஏஜென்சி காட்டும் ஜெராக்ஸை வாங்கி வைப்பதற்கு முன்னால் இந்தத் தேடலைச் செய்துவிடலாம். கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சில சமயம் அதில்தான் இருக்கும்.